ஓர்ஸ் ஹில் உடன்படிக்கை

சுவிசிலிருந்து வந்திறங்கிய என் தம்பி இராசதுரை இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தான். ஒன்றில் சொக்கலேட், சவர்க்காரம், என் கணவருக்குச் சேட்டு, திருகோணமலை வெயிலில் நான் ஒருநாளும் போடப்போகாத ஒரு கம்பளிச் சட்டை. மற்றதில் ஒரு சனியன்.

சனியனுக்கு டிவி கேம் என்று பெயர். கறுத்தப் பெட்டி ஒன்று, அதிலிருந்து வால்போல இரண்டு வயர், வயர் முனையில் அமத்துகிற கட்டைகள். யுத்தநிறுத்தம் வந்து, பாதைகள் திறந்து, வெளிநாட்டுச் சனமெல்லாம் பிளேன் ஏறி ஊர் பார்க்க வந்த காலம் அது. தம்பி கோணேசர் கோயிலைப் பார்த்தான், கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தான், கணவாய்க் கறி தின்றான், திரும்பிப் போய்விட்டான். சனியன் மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

மகள் துளசிகா கொஞ்ச நாளில் அலுத்துப்போய் அவளுடைய சினேகிதிகளிடம் ஓடிவிட்டாள். மகன் விதுஷன் பாயைப் போட்டுக்கொண்டு அதற்கு முன்னாலேயே குடியிருந்தான். பதினொரு வயதுப் பிள்ளை. கூப்பிட்டால் "ஓம்" என்பான், எழும்பமாட்டான். சோற்றைத் தீத்திவிட்டால் வாயைத் திறப்பான், கண்ணைத் திருப்பமாட்டான். எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஒருநாள் அகப்பையோடு போய் நின்றேன். அவன் அகப்பையைச் சுற்றி எட்டிப் பார்த்து விளையாடினான்.

ஆனால் உண்மையைச் சொன்னால், என் வயிற்றெரிச்சல் அந்தப் பெட்டி மீதில்லை. எங்கள் வீடு ஓர்ஸ் ஹில்லில். பின்யன்னலைத் திறந்தால் உள்துறைமுகம் தட்டில் வைத்தமாதிரித் தெரியும். திரும்பிய பக்கமெல்லாம் கடலாய்க் கிடக்கும் ஊரில் பிறந்து, என் மகன் கடலில் கால் நனைத்ததில்லை. குழந்தையாய் இருந்தபோது இன்றைக்குச் சுற்றிவளைப்பு, நாளைக்கு ஊரடங்கு, மறுநாள் எங்கோ வெடித்ததாம், வெளியே போகாதே. அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் "உள்ளுக்கு வா". சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே ஓடவேண்டும் என்பது இரண்டாம் பாடம். பிள்ளை நன்றாகப் படித்துவிட்டான். கடல் திறந்தபோது அவன் பூட்டிக்கொண்டான். போன தீபாவளிக்கு ரோட்டில் பொடியள் சீனவெடி கொளுத்த, துளசிகா கேற்றுக்கு ஓடினாள், இவன் கட்டிலுக்குக் கீழே போனான். பட்சணத் தட்டை அங்கேதான் தள்ளிவிட்டேன்.

இந்தச் சமாதானம் எவ்வளவு காலத்துக்கு என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. அது போன வழி இப்போது உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்றைக்கே பயம். இது முடிவதற்குள் என் மகன் கடலில் இறங்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம். காளி கோயிலுக்கு வைத்த நேர்த்திக்கடன்போல இதை மனதுக்குள் வைத்திருந்தேன்.

என் கணவர் ஞானசேகரத்துக்கு மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகுக்கு டிக்கற் கொடுக்கும் வேலை. லோஞ்ச் வரும்வரை இறங்குதுறையில் நிற்கும் சனத்துக்குப் பேப்பரை உரத்து வாசித்துக் காட்டுவார். யுத்தநிறுத்த உடன்படிக்கையின் உறுப்புரைகள் அவருக்குத் தேவாரத்தைவிட நன்றாகப் பாடம். நான் அகப்பையோடு நின்ற அன்று அவர் சொன்னார்:

"பூரணி, சத்தம் போட்டு வேலையில்ல. அத்தனை வருசம் சண்டை பிடிச்ச ஆக்களே எழுதிக் கையெழுத்து வைச்சிட்டினம். ஒரு டிவி கேமுக்கு நாங்கள் எழுத ஏலாதோ?"

அப்படித்தான் எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை தொடங்கியது. இடம், சாப்பாட்டு மேசை. அவர் நடுக் கதிரையில் இருந்து தொண்டையைச் செருமினார். துளசிகா தான் மூன்றாம் தரப்பு என்றாள். விதுஷன் எடுத்த எடுப்பிலேயே, "அப்ப அம்மான்ர நாடகம்? அதுவும் டிவியிலதானே வருது?" என்று கேட்டான். நான் வெளிநடப்புச் செய்து குசினிக்குப் போனேன். பிட்டு அடிப்பிடிக்கும் என்ற பயமும் ஒரு காரணம். திரும்பி வந்தபோது என் நாடகத்தில் பாதியையும் அவருடைய செய்தியில் பாதியையும் அவர் விட்டுக்கொடுத்திருந்தார். இப்படிப்பட்ட மனிதரைப் பேச அனுப்பினால் நாடு உருப்படுமா?

வீட்டுப்பாடம் முடியாமல் தொடுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் இல்லை. பிளேனில் போய்க் குண்டு போடுகிற கேமை அலுமாரியில் வைத்துப் பூட்டுவது என்று அவர் சொன்னபோது விதுஷன்கூட மறுக்கவில்லை. கடைசியாக என்னுடையதை வைத்தேன். கேமைத் தொட முன்னம், ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் வீட்டுக்கு வெளியே நிற்கவேண்டும். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கனநேரம் யோசித்தான். பிறகு கையெழுத்து வைத்தான். அந்த யோசனையை நான் கவனித்திருக்கவேண்டும்.

கந்தோரில் எனக்குத் தட்டெழுத்து வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உடன்படிக்கையைக் கார்பன் வைத்து அடித்தேன். கோதுமை மாவில் பசை காய்ச்சி அலுமாரிக் கதவில் ஒட்டினோம்.

"கண்காணிப்புக் குழு இல்லாத உடன்படிக்கை உப்பில்லாப் பண்டம்" என்றார் அவர்.

அதற்குப் பக்கத்து வீட்டு ஸுல்பிகா அக்காவைப் பிடித்தோம். கிண்ணியாவிலிருந்து வந்து குடியிருப்பவர். மகன்மார் கட்டாரில். கணவர் மஹ்ரூப் நானா விடிந்தால் ஹாட்வெயார் கடைக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டுச் சாவி எப்போதும் அக்காவிடம் இருக்கும். சுற்றிவளைப்புக் காலத்துப் பழக்கம் அது. ஆளில்லாத வீட்டை ஆமி சோதிக்க வந்தால், கதவை உடைக்காமல் திறந்துவிட ஒருவர் வேண்டுமே. நாங்களும் அவர்கள் வீட்டுச் சாவியை வைத்திருந்தோம். சண்டை நின்றது, சாவி மாறவில்லை.

அக்கா பதவியை மிகவும் பாரமாக எடுத்துக்கொண்டார். "நடுநிலை எண்டா நடுநிலைதான் தங்கச்சி. பொறகு என்னோட கோவிக்கப்படாது."

சொல்லாமல் கொள்ளாமல் வருவார். செருப்பை அவர்கள் முற்றத்திலேயே கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் வருவார். வந்ததும் டிவியைப் பார்க்கமாட்டார், பிள்ளையைப் பார்க்கமாட்டார். நேரே போய்ச் சுவரில் செருகியிருக்கும் கேம் அடப்டரில் உள்ளங்கையை வைப்பார், காய்ச்சல் பார்ப்பதுபோல. சூடென்றால் விளையாட்டு நடந்திருக்கிறது, குளிரென்றால் இல்லை. "சுத்தம்" என்று தீர்ப்புச் சொல்லி, குசினியில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். யுத்தநிறுத்தத்தைக் கண்காணிக்க வந்து வெள்ளை வாகனத்தில் கொடி பறக்க ஓடித் திரிந்த நோர்வேக்காரர் எங்கள் அக்காவிடம் வந்து படித்திருக்கலாம்.

முதல் நாள் நான் கந்தோரால் வந்தபோது, எங்கள் கேற்றுக்கு வெளியே மதிலில் முதுகை ஒட்டிக்கொண்டு விதுஷன் நின்றான்.

"என்னடா செய்யிறாய்?"

"வெளியில நிக்கிறன்."

"விளையாடப் போகேல்லையோ?"

"போகச் சொல்லி எழுதேல்லையே அம்மா. நிக்கச் சொல்லித்தானே எழுதினனீங்கள்."

கண்காணிப்புக் குழுவைக் கூப்பிட்டேன். ஸுல்பிகா அக்கா கண்ணாடியைப் போட்டு, அலுமாரிக் கதவில் மூக்கு முட்ட வாசித்துவிட்டு வந்தார். "ஊட்டுக்கு வெளிய நிக்கணும் எண்டுதான் இரிக்கி. புள்ள நிண்டிரிக்கான். மீறல் இல்ல."

திருத்தவேண்டும் என்று குதித்தேன். எல்லாத் தரப்பும் கையெழுத்து வைத்தால்தான் திருத்தலாம் என்றார் என் கணவர். விதுஷன் வைக்கமாட்டேன் என்றான். அடுத்த நாள் வெயிலுக்குக் குடை கொண்டுபோனான். அதற்கடுத்த நாள் முக்காலியும் போனது. ரோட்டால் போகிற சனம் நின்று விசாரித்தது. "ஏன் மகன் வெளியில நிக்கிறாய்? அம்மா அடிச்சுக் கலைச்சுப்போட்டாவோ?" அவன் பாவம்போல முகத்தை வைத்துக்கொண்டு, "இல்ல, இது உடன்படிக்கை" என்பான். ஒரு கிழமைக்குள் ஓர்ஸ் ஹில் முழுக்க நான் மாற்றாந்தாய் ஆகிவிட்டேன். கந்தோரில் ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைகளிடம் பொறுமை வேண்டும் என்று புத்தி சொன்னாள்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்ததுபோல நான் அடித்த கடுதாசி என்னையே பார்த்துச் சிரித்தது. கடல் அங்கே கிடந்தது. பிள்ளை மதிலடியில் கிடந்தான்.

இந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் அடப்டர் சுட்டது. கந்தோரால் வந்து கையை வைக்கிறேன், தோசைக்கல். விதுஷன் அப்போதுதான் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தான். எனக்கு முன்னம் வந்திருக்கிறான், கள்ளன், ஓடிப்போய்ப் போட்டிருக்கிறான் என்று பிடித்துக்கொண்டேன்.

"நான் தொடேல்ல அம்மா. இப்பத்தான் வந்தனான்."

"அப்ப ஆர், பேயோ?"

"நான் ஒருநாளும் மீறேல்ல" என்றான். குரல் உடைந்தது. "ஒருநாளும்."

அது உண்மை என்று எனக்கே தெரியும். அந்தப் பிள்ளை சட்டத்தை வளைத்துத்தான் பழக்கம், முறித்தது கிடையாது. ஆனாலும் கோபத்துக்குக் கண் ஏது? பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். விசாரணைக்கு வந்த ஸுல்பிகா அக்கா அடப்டரில் கை வைத்தார். ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. "கரண்டு கூடக் கொறய வந்தாலும் சூடாகும் தங்கச்சி" என்றார். அன்று தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் கந்தோருக்குப் போய் மிசினுக்கு முன்னால் இருந்தபிறகுதான் மூக்குக்கண்ணாடியை மறந்து வந்தது தெரிந்தது. இடையில் அனுமதி கேட்டு வீட்டுக்கு வந்தேன். கேற்றடியிலேயே கார் பறக்கும் சத்தம். கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன்.

பாயில் ஸுல்பிகா அக்கா. காலை நீட்டி, முக்காடு சரிந்து, கட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி, கார் வலப்பக்கம் திரும்ப அவரும் வலப்பக்கம் சாய்கிறார், இடப்பக்கம் திரும்ப இடப்பக்கம். அலுமாரிக்குப் பக்கத்தில் ஏறி எடுத்த கதிரை சாட்சிக்கு நின்றது.

"போடா போ! என்னைய முந்துறியா நீ? ஒன் வாப்பாட ரோட்டா இது?" என்று ஒரு சிவப்புக் காரைத் திட்டினார். அடுத்த கணம் ஒரு பாலம் வந்தது. அவருடைய கார் தடுமாறி, கடலுக்குள் குப்புற விழுந்தது. "யா அல்லாஹ், இண்டைக்கும் விழுந்திட்டன்!"

எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. நிலைக்கதவைப் பிடித்தேன், பிடி தவறி அப்படியே தரையில் குந்திவிட்டேன். திரும்பிப் பார்த்த அக்காவின் முகம் வெற்றிலை போட்டதுபோலச் சிவந்தது. பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார். இரண்டு கிழடுகளும் கண்ணீர் வரச் சிரித்தோம். கண்ணாடி எடுக்க மறந்து கந்தோருக்குத் திரும்பியதால் அன்று பின்னேரம் நான் அடித்த கடிதங்களெல்லாம் பிழை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் வழக்கு. முதலில் நான் விதுஷனிடம் மன்னிப்புக் கேட்டேன். தாய் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று உள்ளே ஏதோ முறுகியது. கேட்ட பிறகு இலேசாக இருந்தது. அவன் பெரிய மனிதன்போலத் தலையாட்டினான்.

"மகன், பிழை என்னோடதான்" என்றார் ஸுல்பிகா அக்கா. "முதல்ல சூடு பாக்கத்தான் போட்டன். பொறகு விட ஏலாமப் போயிட்டு."

என் கணவர் உடன்படிக்கையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். கண்காணிப்பவர் மீறினால் என்ன செய்வதென்று ஓரிடத்திலும் இல்லை. "இது நாட்டு உடன்படிக்கையிலயும் இல்ல" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. ஆகவே பாதிக்கப்பட்ட தரப்பே தண்டனையைச் சொல்லட்டும் என்று முடிவானது.

விதுஷன் யோசித்தான். அக்காமீது அவனுக்கு உண்மையான கோபம் இருந்தது. அவனுக்குத் தெரிந்த மிகப் பெரிய தண்டனையைத் தேடினான். கண்டுபிடித்துவிட்டான்.

"ஒரு மணித்தியாலம் கடலுக்க நிக்கவேணும்" என்றான். "இடுப்பளவு தண்ணிக்க."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். துளசிகா வாயைப் பொத்தினாள். வேறு எந்த ஊர்ப் பிள்ளையும் இதைத் தண்டனை என்று சொல்லியிராது.

ஸுல்பிகா அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மிகவும் அடக்கமாகக் கேட்டார்: "சரி மகன். ஆனா நான் நிண்டனா இல்லையா எண்டு ஆர் பாக்குற? நான் கள்ளி. என்னைய நம்ப ஏலாதே."

"விதுஷன்தான் கண்காணிப்புக் குழு" என்றார் என் கணவர், அவசர அவசரமாக. வாழ்க்கையில் அந்த மனிதர் நேரத்துக்குச் சொன்ன ஒரே சொல் அது.

சனிக்கிழமை பின்னேரம் டச் பே கடற்கரைக்குப் போனோம். கடலை விற்பவர்களும் பட்டம் விடுகிற பொடியளும் கோட்டைப் பக்கமிருந்து வந்து கச்சான் கடலைத் தோலை மோப்பம் பிடிக்கிற மான்களுமாய் ஒரே கூட்டம். விதுஷன் என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஈர மணல் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டான். ஸுல்பிகா அக்கா பிஸ்மி சொல்லி, உடுத்த உடுப்போடு, கப்பல் இறக்குவதுபோலத் தண்ணீருக்குள் இறங்கினார்.

"நிக்கிறன் மகன்!"

"இடுப்பளவு வரேல்ல!" என்று கரையிலிருந்து கத்தினான் இவன்.

"இப்ப?"

இப்போது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. ஆனால் அக்கா அந்த இடத்தைவிட்டு ஓரடியும் நகரவில்லை. விதுஷன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"குந்திக்கொண்டு நிக்கிறியள்!"

"இல்லையே!"

"குந்திக்கொண்டுதான் நிக்கிறியள்! கள்ளம்!"

"அங்கிரிந்து ஒனக்கு என்ன தெரியும்? கிட்ட வந்து பாத்துச் சொல்லு!"

என் மகனுக்குப் பயம் உண்டு, ஆனால் கள்ளத்தைப் பொறுக்கும் குணம் இல்லை. ஒரு அலை வந்து காலை நனைத்தது. துள்ளினான். அக்கா அங்கே இன்னும் பதிந்து, கழுத்தளவு தண்ணீரில் இருந்துகொண்டு, "இந்தா, நல்லா ஆழத்தில நிக்கிறன்" என்று பல்லைக் காட்டினார். அவ்வளவுதான். "ஏமாத்தாதேங்கோ!" என்று கத்திக்கொண்டு முழங்கால், தொடை, இடுப்பு என்று போய் அவர் தோளைப் பிடித்துத் தூக்கி நிமிர்த்தப் பார்த்தான். அவர் எழும்பவில்லை. இவன் இழுக்க, அவர் சிரிக்க, அலை வந்து இரண்டு பேரையும் நனைத்தது. நான் மூச்சு விடவில்லை. தான் எங்கே நிற்கிறான் என்று அவனுக்கு இன்னும் தெரியாது.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில், வடக்கால் எங்கோ, எவனோ மீன் பிடிக்க வெடி போட்டான். டும்.

அவன் முகம் வெளிறியதைக் கண்டேன். பதினொரு வருடப் பழக்கம் அவன் கால்களில் ஓடியது. கட்டிலைத் தேடினான். கடலில் கட்டில் ஏது? "உள்ளுக்கு வா" என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். கீழே போனான். தண்ணீருக்குக் கீழே, முழுதாக.

நான் சீலையோடு பாதிக் கடல் ஓடிவிட்டேன். அவன் மேலே வந்தான். தலைமயிர் நெற்றியில் ஒட்டி, வாயால் உப்புத் தண்ணி ஒழுக, கண் இரண்டும் விரிந்து.

"அம்மா! கீழ வேற சத்தம் கேக்குது! டிக் டிக் எண்டு, ஆரோ கதைக்கிற மாதிரி! நீங்களும் வந்து கேளுங்கோ!"

சொல்லிவிட்டு மறுபடி கீழே போனான். மறுபடி வந்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு அக்காவையும் கீழே இழுத்தான். அக்கா தும்மிக்கொண்டு எழுந்து, தண்டனை நேரம் முடிந்ததா என்று கேட்டார். கண்காணிப்புக் குழுவுக்கு அது காதில் விழவில்லை. துளசிகா பாய்ந்தாள். என் கணவர் சேட்டைக் கழற்றி மணலில் மடித்து வைத்துவிட்டு, லோஞ்ச் ஊதுவதுபோல ஊதிக்கொண்டு பாய்ந்தார். நான் முழங்கால் தண்ணீரில் நின்று ஆள்மாற்றி ஆளைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று நினைவில்லை.

வெயில் சாய்ந்தது. கச்சான்காரி விளக்குக் கொளுத்தினாள். விரலெல்லாம் சுருங்கி, உதடு நீலம் பாரித்து, பல் கிடுகிடுக்க, இன்னும் அவன் தண்ணீரில்.

"காணும், வெளிய வா! ஒரு மணித்தியாலம் எப்பவோ முடிஞ்சுது!"

"அம்மா, ஒரு மணித்தியாலம் வீட்டுக்கு வெளியில நிக்கவேணும் எண்டுதானே எழுதினனீங்கள்? அதுக்கு மேல நிக்கக்கூடாது எண்டு எழுதேல்லையே!"

கரையில் முக்காட்டைப் பிழிந்துகொண்டிருந்த ஸுல்பிகா அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணாடி இல்லாமல், கடுதாசி இல்லாமல், தீர்ப்பைச் சொன்னார்.

"மீறல் இல்ல."

நான் ஈர மணலில் குந்தியிருந்து அழுதேன். சிரித்துக்கொண்டுதான் அழுதேன். நல்லாய் இருட்டிய பிறகும் அவனை உள்ளுக்கு வா என்று நான் கூப்பிடவில்லை.